உன் அப்பாவின் கண்ணாடிப் பை

பைன் கோவ் ஏரிக்கரை,
ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஷீனாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நல்ல சுகம். நீயும் கேலமும் பிள்ளைகளும் பூமியின் அந்தக் கோடியில் ஆகஸ்ட் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். "இருவரும்" என்று எழுதியிருப்பதை இன்னொரு தடவை படித்துக்கொள். உன் அப்பாவுக்கு உடம்பு கெட்டுப்போச்சு என்று நம் கரைக் கானி உனக்கு எழுதிவிட்டாள், அது எனக்குத் தெரியும், எழுதியதை அவளே கடையில் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "பெத்த பொண்ணுக்குத் தெரியாம இருக்கக் கூடாதில்ல வெர்னா" என்று. நீ உடனே போன் செய்து அழுதாய், நான் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன், அம்மாவுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று நினைத்திருப்பாய். காரணம் இருக்கிறது. அப்பாவுக்குக் காது மந்தமானதிலிருந்து போனை ஸ்பீக்கரில்தான் போடுகிறார், நம் வீட்டுப் பேச்சு வலைக்கதவு வழியாகத் தண்ணீர் மேல் போய் எதிர்க்கரையில் காபி குடிக்கிறவன் காதில் விழும், நீயே படகுத்துறையில் அந்தப் பையனோடு பேசி மாட்டிக்கொண்டவள்தானே. அதனால் கையால் எழுதுகிறேன். முதலில் இது: அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. போன வருஷ ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டது, டாக்டரே சொல்லிவிட்டார். கானி எழுதியது பொய், ஆனால் பொய் அவளுடையது இல்லை, உன் அப்பாவே ஏரிக்கரைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னது. ஏன் சொன்னார் என்று எழுதுகிறேன், படித்த பிறகு நீ யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. பக்கத்து வீட்டு வில்ஃப் மாமாவும் டெல்லா அத்தையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதும் பிரிவதும் இப்போது நம் வாயில்தான் இருக்கிறது.

நீ போன பிறகு வந்த சட்டம் ஒன்று உண்டு, அதைச் சொன்னால்தான் உனக்குப் புரியும். முன்பெல்லாம் எந்தப் பையில் கட்டிக்கொண்டு போனாலும் குப்பைக் கிடங்கில் வாங்கிக்கொண்டார்கள். இப்போது கறுப்புப் பை கூடாது, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற கண்ணாடிப் பையில்தான் கட்ட வேண்டும், கேட்டில் நிற்கிறவன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து டப்பாவோ பாட்டிலோ காகிதமோ கலந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவான். பிறர் பார்க்கக் கூடாதது இருந்தால் ரொட்டிப் பை அளவில் சின்னதாக ஒரு கறுப்புப் பையை உள்ளே வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பட்டினி கிடந்து இளைக்கிறேன் என்றவள் வீட்டில் எத்தனை சிப்ஸ் பாக்கெட், சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றவன் விட்டானா, எல்லாம் வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். கேட்டில் நிற்பவன் டுவேன், வில்ஃப் மாமாவின் மகன் க்ரெய்குக்கு மச்சான், அவன் கண்ணில் பட்டது சாயங்காலத்துக்குள் நகரத்தில் இருக்கும் க்ரெய்கின் காதுக்குப் போய்விடும். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

உன் அப்பா சங்கத்தில் குப்பைப் பொறுப்பை ஏற்றதிலிருந்து, பள்ளி பஸ் ஓட்டின காலத்தில் பிள்ளைகளை அதட்டின அதே குரலில் ஏரிக்கரை முழுக்க அதட்டிக்கொண்டிருந்தார். தயிர் டப்பா வேறு, அதன் மூடி வேறு. மீன் குடலையும் கோழி எலும்பையும் ஃப்ரீசரில் உறைய வைத்து, கிடங்கு திறக்கிற நாள் காலையில்தான் வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கரடி வாசம் பிடிக்கும். (அதில் ஒரு பொட்டலத்தை ஒரு தடவை நான் சூப்புக்கு எடுத்து வைத்து, அது இளகி வீடே நாறியது, அதை அவர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.) எல்லாரும் பயந்தார்கள், வில்ஃப் மாமாவைத் தவிர. அவர் பீன்ஸ் டப்பாவைக் கழுவவே மாட்டார், தக்காளிச் சாறு காய்ந்த டப்பாவை அப்படியே மறுசுழற்சிக்கு வைத்த நம் நீலப் பெட்டியில் விட்டெறிந்துவிட்டு, "பிறந்த குழந்தைக்கே ஒரு தடவைதான்டா ஞானஸ்நானம், இவன் டப்பாவுக்கெல்லாம் குடுக்கச் சொல்றான்" என்று துறையில் உட்கார்ந்து சிரிப்பார். அப்பா அதை எடுத்து வந்து முணுமுணுத்துக்கொண்டே கழுவுவார். இத்தனை வருஷமும் இப்படித்தான், சண்டையும் இதுதான் சிநேகமும் இதுதான்.

ஜூலையில் கரடி வந்தது. பெண் கரடி, கூடவே ஒரு குட்டி. வருகிறது போகிறது என்று முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அது போகவே இல்லை, பட்டப்பகலில் சாலையைக் கடந்தது, கானியின் பார்பிக்யூவைக் கவிழ்த்து நக்கியது. பிறகு காட்டோரத்தில் கிழிந்த கறுப்புப் பைகளும் ஈரப் பஞ்சுமாக வேலிக்கு வேலி கிடக்க ஆரம்பித்தது. யாரோ டயபரைக் காட்டில் புதைக்கிறார்கள், கரடி தோண்டித் தின்று ருசி கண்டுவிட்டது என்று அப்பா கண்டுபிடித்தார். டயபர் என்றால் கைக்குழந்தை, கைக்குழந்தை என்றால் நோவெல். இந்தக் கோடையில்தான் கோடி வீட்டை வாங்கி வந்திருக்கிற சின்னப் பெண், இரட்டைக் குழந்தைகள், புருஷன் வாரம் முழுக்க நகரத்தில். யாரும் அவளை நேரே கேட்கவில்லை, அதுதான் மோசம். அவள் கடைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். கானி அவள் காதில் விழும்படியே, "துவைச்சு மாட்டுற துணியெல்லாம் எங்க காலத்தோட போச்சும்மா" என்றாள். அந்தப் பெண் என்னிடம் ஒரு நாள், "நான் எல்லாத்தையும் கட்டி நகரத்துக்கே அனுப்பிடறேன் ஆன்ட்டி, காரே நாறுது, சத்தியமா நான் இல்ல" என்று கண் கலங்கினாள். நான் நம்பினேன், அப்பா நம்பவில்லை.

ஒருத்தர் உயிர் போகிறதற்குள் ஆளைப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு வெறி பிடித்துவிட்டது. தப்பும் இல்லை, அந்தக் கோடி வீட்டுக் குழந்தைகள் புல்லில் தவழ்கிற வயசு. வேட்டைக்காரர்கள் மரத்தில் கட்டுகிற கேமராவை இரவல் வாங்கி, கரடி தோண்டின குழிக்குப் பக்கத்து மரத்தில் கட்டினார். கட்டின இடத்தை ரகசியமாக வைத்துக்கொண்டு, சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் படத்தை எல்லார் முன்னாலும் டிவியில் போடப் போவதாக மட்டும் ஊரெல்லாம் சொன்னார். "யாரா இருந்தாலும் சரி, என் கூடப் பிறந்தவனா இருந்தாலும் சரி, பேரைச் சொல்லுவேன்" என்றார். எனக்கு அப்போதே சங்கடம்தான், ஆனால் யார் அவரை நிறுத்துவது.

டெல்லா அத்தையைப் பற்றி உனக்கு நான் எழுதவில்லை, எழுத எனக்கே ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவள், தினமும் விடிந்ததும் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு தீவு வரை நீந்திப் போய் வருகிறவள், இந்த வருஷம் பனி உருகினதிலிருந்து தண்ணீரில் இறங்கவே இல்லை. கேட்டால் வில்ஃப் மாமா, "சளி விடலை", "முட்டி பிடிச்சுக்கிச்சு", "தூங்கறா" என்று கதவிலேயே நின்று பதில் சொல்வார். போன இலையுதிர்காலத்திலேயே அவளுக்குப் பெயர்கள் மறக்க ஆரம்பித்திருந்தது, அது தெரியும். அப்போது க்ரெய்க் வந்து, "இன்னும் ஒரு அறிகுறி தெரிஞ்சாலும் வண்டியோட வந்து அம்மாவை ஹோம்ல சேர்த்துடுவேன்பா, அப்புறம் என்னைத் திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த முதியோர் ஹோம் இங்கிருந்து போகவே அரை நாள். வில்ஃப் மாமாவுக்குக் கண் மங்கினதில் கார் ஓட்டக் கூடாது, பக்கத்தில் கிடங்கு வரைக்கும்தான் திருட்டுத்தனமாக ஓட்டுவார். சேர்த்தால் அவர் அவளைப் போய்ப் பார்ப்பதுகூட நடக்காது.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை நான் புளூபெர்ரி பறிக்க வீடுகளுக்குப் பின்னால் மரம் வெட்டி ஏற்றின வண்டிகளின் பழைய தடத்தில் போனேன். அப்பா போகாதே என்றார், நான் தகர வாளியைத் தட்டிக்கொண்டே போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். பாதி வாளி நிறைந்திருக்கும், புதருக்குப் பின்னால் சரசரவென்று சத்தம். கரடி என்று நினைத்து அசையாமல் நின்றால், வில்ஃப் மாமா. தள்ளுவண்டியில் ஒரு கறுப்புப் பை, கையில் மண்வெட்டி. எங்கள் வயசுக்காரர்களுக்கு அந்த இடம் தெரியும், அந்தக் காலத்தில் வீட்டுக்கொரு குப்பைக் குழி காட்டுக்குள் வைத்திருந்தோமே, கிடங்கு வருவதற்கு முன்னால், எது யாருடையது என்று தெரியாதபடி இப்போது புதர் மூடிவிட்டது, அவர் நின்றது அவர் வீட்டுக் குழி. பழைய ஆள் பழைய பழக்கத்துக்கே போய்விட்டார், ஆழமாகப் புதைத்து மேலே சுண்ணாம்பும் தூவினால் போதும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அப்பா கேமரா கட்டின மரம் அவர் தலைக்கு மேலேயே இருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். "வில்ஃப், என்ன பண்றீங்க" என்றேன். அவர் திரும்பிய முகத்தை என்னால் எழுத முடியாது. "வெர்னா, நீ எதையும் பார்க்கல, போயிடும்மா" என்றார். அந்த நேரம் பார்த்து அது வந்தது.

முதலில் குட்டி, பிறகு தாய். நாங்கள் நிற்பதைப் பார்த்ததும் தாய் நின்று மூக்கைத் தூக்கி, பல்லை டக் டக்கென்று கடித்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவில் நின்றது. ஓடக் கூடாது, ஓடினால் துரத்தும், நான் வாளியை உதறி அடித்தேன், அவர் மண்வெட்டியால் வண்டியை அடித்தார், புளூபெர்ரி எல்லாம் சிதறிப் போனது. குட்டி மிரண்டு ஓடினது காட்டுப் பக்கம் இல்லை, வீட்டுப் பக்கம், தாயும் பின்னாலேயே. வில்ஃப் மாமா "டெல்லா" என்று ஒரு கத்து கத்திவிட்டு அதன் பின்னாலேயே ஓடினார். நடக்கவே கம்பு தேடுகிற மனிதர், கரடியைத் துரத்திக்கொண்டு ஓடினார் ஷீனா. நானும் ஓடினேன், கத்திக்கொண்டே, என்ன கத்தினேன் என்று தெரியாது.

நாங்கள் போய்ச் சேரும்போது கரடி அவர்கள் வீட்டுப் பின்கதவில் முன்னங்காலை வைத்து எழுந்து நின்றிருந்தது. கதவுக்குப் பக்கத்து ஜன்னலுக்கு உள்ளே டெல்லா. நைட்டியோடு, கண்ணாடியில் கையை வைத்து, பக்கத்து வீட்டு நாயைப் பார்ப்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தாள். கதவு வெளியே கொக்கி போட்டிருந்தது. கொக்கி போடாமல் போயிருந்தால் அவளே திறந்து விட்டிருப்பாள். நான் வாளியை அதன் மேல் வீசினேன், முதுகில் பட்டு உருண்டது, அது ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கி, குட்டியோடு விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டது. வில்ஃப் மாமா கொக்கியைத் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார், நான்தான் திறந்தேன்.

உள்ளே வீடு சுத்தமாகவே இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன், அவளுக்குத் தலை வாரி, நைட்டிப் பொத்தான்களை மாற்றிப் போட்டாலும் போட்டுவிட்டு, நகம் வெட்டி வைத்திருந்தார். மூலையில் பெரியவர்கள் டயபர் அட்டைப் பெட்டி பெட்டியாக, அதன் மேல் மேஜை விரிப்பு. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தக் கண்ணாடிப் பையில இதைப் போட்டா டுவேன் பார்ப்பான், அன்னிக்கே க்ரெய்குக்குத் தெரியும். சின்ன கறுப்புப் பையில ரெண்டுக்கு மேல அடங்கல வெர்னா. எனக்கு வேற வழி தெரியல. அவளுக்கு என் பேரு தெரியாது, ஆனா நான் ரூமை விட்டுப் போனா அழறா. அங்க யாரு இருப்பா அவ அழுதா" என்றார். நான் நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே கொக்கி போடுகிறீர்களே, அடுப்பு பற்றினால் அவள் கதி என்ன என்று திட்டினேன். கரடியை இழுத்து வந்து கைக்குழந்தை இருக்கிற ஊரில் விட்டீர்களே என்று திட்டினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டெல்லா என் கன்னத்தைத் தொட்டு, "தண்ணி நல்லா இருக்கா இன்னிக்கு" என்று கேட்டாள். வெதுவெதுப்பா இருக்கு என்றேன். எனக்கு அதற்கு மேல் திட்ட முடியவில்லை.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று அன்று முழுக்க மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கிடந்தேன். சொல்லாமல் கேமராவைத் திருடிவிடலாம் என்றுகூட நினைத்தேன், மரத்தில் ஏற என் முட்டி விடாது. சொன்னால் அந்த மனிதர் சட்டம் சட்டம் என்று வில்ஃபை நடுக்கூடத்தில் நிறுத்திவிடுவாரோ என்று பயம், உன் அப்பாவைக் கட்டி இத்தனை வருஷமாகியும் இதில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை, அதுவே எனக்குப் பெரிய வேதனை. சனிக்கிழமை காலை அவர் கேமராவிலிருந்து படம் பதிவாகிற அந்தச் சின்ன அட்டையை எடுத்து வந்து சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டினார், இன்னும் பார்க்கவில்லை, கூட்டத்தில்தான் பார்ப்பேன் என்று பெருமையாகச் சொன்னார். அப்போது சொன்னேன். கொக்கி, பெட்டி, க்ரெய்க், கரடி, எல்லாம். அவர் முட்டையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்த் துறையில் நின்றார். திரும்பி வந்து, "நேரமாச்சு, கிளம்பு" என்றார். வழியெல்லாம் நான் கேட்டேன், என்ன செய்யப் போகிறீர்கள், சொல்லுங்கள் என்று. காது கேட்காதவர்போல் நடந்தார்.

கூடம் நிறைந்திருந்தது, எதிர்க்கரைக்காரர்கள் படகில் வந்திருந்தார்கள். கானியின் பட்டர் டார்ட் பலகாரம் ஒரு பக்கம், டுவேன் டிவிக்கு ஒயர் மாட்டிக்கொண்டு ஒரு பக்கம். நோவெல் கடைசி வரிசையில் இரண்டு குழந்தைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு இரண்டு பக்கத்து நாற்காலியும் காலி. வில்ஃப் மாமா வரவில்லை, வீட்டில் டெல்லாவோடு, யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். டுவேன், "குடுங்க ஹெக்டர் அண்ணே, படத்தைப் போட்டுருவோம், ஹீரோயின் யாருன்னு பார்ப்போம்" என்றான், எல்லாரும் சிரித்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா எழுந்தார். சட்டைப் பையில் கையை வைத்தார். கையை எடுக்காமலேயே, "படம் வேண்டாம். ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். நான்தான்" என்றார்.

டுவேன் சிரித்தான், விளையாட்டு என்று. அப்பா சிரிக்கவில்லை. "போன வருஷம் எனக்கு ஆபரேஷன் ஆனது எல்லாருக்கும் தெரியும். அதுலேர்ந்து எனக்கு அடக்க முடியறதில்ல. டயபர் என்னோடது. உங்களையெல்லாம் கண்ணாடிப் பை கண்ணாடிப் பைன்னு விரட்டினவன் நான், என் பையை நீங்க பார்க்கறதுக்கு எனக்கு வெட்கமா இருந்துச்சு, காட்டுல கொண்டு போய்ப் புதைச்சேன். கரடி வந்தது என்னால. அந்தப் பொண்ணு மேல பழி விழுந்ததும் என்னால, நீங்க எல்லாரும் வெளிய போறதுக்கு முன்ன அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போகணும், நானும் கேக்கறேன்" என்றார். ஷீனா, சமையலறையில் நான் கிள்ளிப் பேசினால்கூடக் காது வரை சிவக்கிற மனிதர், எதிர்க்கரைப் பெண்கள் உட்பட அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நின்று அதைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், வெட்கப்படுகிறேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும்.

அங்கிருந்து நேராக வில்ஃப் வீட்டுக்குப் போனார். வில்ஃப் மாமா கதவைத் திறந்து, "சொல்லிட்டியா ஹெக்டர்" என்றார், முகம் வெளுத்துப்போய். "சொல்லிட்டேன். என்னோடதுன்னு சொல்லிட்டேன். இனிமே உங்க பையைக் கட்டி என் ஷெட்ல வை, கண்ணாடிப் பையில வை, நான் கொண்டு போறேன். டேய், மண்வெட்டியைத் தொட்டே, நானே உன்னைக் கரடிக்குப் போட்டுருவேன்" என்றார். வில்ஃப் மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த வெளிக்கொக்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், அந்தக் கொக்கி போயே ஆக வேண்டும் என்று காலையிலேயே நான் சொல்லியிருந்தேன். கேமரா அட்டையை வீட்டுக்கு வந்து விறகடுப்பில் போட்டார். வாழ்நாளில் ஒரு துண்டு பிளாஸ்டிக்கை எரித்தறியாதவர், புகை நாறியது, ஜன்னலைத் திறந்துவிட்டு பாதி முட்டையைச் சாப்பிட்டு முடித்தார்.

இப்போது எங்கள் நிலைமையைக் கேள். குழியைத் தோண்டி அள்ளி மூடியாயிற்று, கரடிக்குக் கூண்டு வைத்திருக்கிறார்கள், அது இன்னும் விழவில்லை. குப்பைப் பொறுப்பைப் பிடுங்கிக் கானியிடம் கொடுத்துவிட்டார்கள், அவளுக்குத் தயிர் டப்பாவுக்கும் மூடிக்கும் வித்தியாசம் தெரியாது, அப்பா அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார், வாய் திறக்க முடியாது. நோவெல் மறுநாளே குழந்தைகளுக்குப் போடுகிற களிம்பு ஒரு ட்யூப் கொண்டு வந்து, "தடிப்பு வராம இருக்கும் அங்கிள், தடவிட்டு காத்தாட விடணும்" என்று சொல்லிக் கொடுத்தாள், அவர் மரியாதையாக வாங்கி நன்றி சொல்லி அனுப்பினார், நான் உள்ளே போய் வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தேன். களிம்பு டெல்லாவுக்கு உதவுகிறது. கிடங்குக்குப் போனபோது டுவேன் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "போங்க ஐயா" என்றான். இத்தனை நாள் அண்ணே அண்ணே என்று வாயடித்தவன். அடுக்கடுக்காக டயபர் தெரிகிற பையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் எல்லாரையும் தாண்டி நடந்தார், யாரும் குசுகுசுக்கக்கூட இல்லை, அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று வண்டியில் வரும்போது சொன்னார். க்ரெய்க் அவன் அப்பாவுக்குப் போன் செய்து, "பாவம் ஹெக்டர் அங்கிள், அம்மாவுக்கு அப்படி ஏதும் இல்லையே" என்று கேட்டிருக்கிறான். இல்லை என்று வில்ஃப் மாமா சொல்லிவிட்டார்.

இது சரியா தப்பா என்று கேட்காதே, எனக்குத் தெரியவில்லை. காலையில் நான் போய் டெல்லாவோடு இருக்கிறேன், வில்ஃப் மாமா அந்த நேரம் தூங்குகிறார். டவுனிலிருந்து ஒரு நர்ஸ் வந்து பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன், வேண்டாம் என்றால் க்ரெய்குக்கு நானே எழுதுவேன் என்று மிரட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். செப்டம்பர் முதல் வார விடுமுறைக்கு க்ரெய்க் வருகிறான், அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் கெடுகிறது. அதற்குள் வில்ஃப் மாமா அவராகவே மகனிடம் சொல்லிவிட வேண்டும், அம்மாவை நாங்கள் நாலு கையாகப் பார்த்துக்கொள்கிறோம், இங்கேயே இருக்கட்டும் என்று நாங்களும் பக்கத்தில் நின்று கேட்போம் என்று பேசி வைத்திருக்கிறோம். அவன் கெட்டவன் இல்லை, அம்மா மேல் பாசம்தான், ஆனால் தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பயம் சீக்கிரம் வருகிறது, நீ போனில் அழுததைக் கேட்டபோது எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது. கேட்பானா என்று தெரியாது. கேட்காவிட்டால் டெல்லா போய்விடுவாள்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வில்ஃப் மாமா இன்னும் ஒரு தடவைகூட நன்றி என்று சொல்லவில்லை, சொன்னால் அப்பா எழுந்து போய்விடுவார் என்று அவருக்கும் தெரியும். காலையில் அப்பா நீலப் பெட்டியை எடுக்கப் போனவர் திரும்பி வரக் காணோம். போய்ப் பார்த்தால் பெட்டிக்கு முன்னால் குனிந்தபடி நிற்கிறார். உள்ளே வில்ஃப் வீட்டு பீன்ஸ் டப்பாக்கள். எல்லாம் கழுவியிருந்தது. லேபிளை உரித்து, பசையைச் சுரண்டி, மூடியை உள்ளே மடித்து, வெயிலில் பளபளவென்று. டெல்லாவைக் கவனித்துக்கொண்டு எப்போது உட்கார்ந்து இத்தனையையும் தேய்த்தாரோ. அப்பா ஒரு டப்பாவை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அதை வைத்துவிட்டுப் படகுக் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார், நான் கூடப் போகவில்லை.

கானிக்குப் பதில் எழுதும்போது அப்பாவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மட்டும் எழுது. அப்பாவிடம் பேசும்போது எதையும் கேட்காதே, வழக்கம்போல அவரைக் கிண்டல் செய், அவருக்கு இப்போது அதுதான் வேண்டும். மீன் குடலைக் குளிர்காலம்தானே என்று வெளியே வைக்காதே. உனக்கும் கேலமுக்கும் பிள்ளைகளுக்கும் கடவுள் நல்ல ஆயுசையும், பக்கத்தில் இப்படி ஒரு மனிதரையும் கொடுக்கட்டும். முக்கியமாக ஒன்று, இந்தக் கடிதத்தை மட்டும் காகிதப் பெட்டியில் போட்டுவிடாதே, அடுப்பில் போடு, அப்பாவே ஒத்துக்கொள்வார்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா,
வெர்னா